வெப்ராளம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்தில் இருக்கிறது
எங்கள் வகுப்பு.
இரண்டாம் மாடி ஜன்னலை உரசுவதுபோல்
கருங்கல் பஸ் கடக்கையில்
பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள்:
பதினோரு நர்சுகள் ஒரே குரலில்
'ஐ ஆம் சாரி டு ஹியர் தேட்' சொல்கிறோம்.
கீழே நேந்திரங்காய் பொரிகிற எண்ணெய் வாசம்.

லிபின் சாருக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு.
ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்று அவரே சொன்னார்.
ஆனால் வலிக்குப் பதினான்கு வார்த்தை தெரியும்.
டல், ஷார்ப், த்ராபிங், ஸ்டாபிங்,
இடுப்பிலிருந்து குதிகாலுக்குப் பாய்கிற ஷூட்டிங்.
பின்பெஞ்சில் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.
விண்விண் மெர்லின் ஷீபாவுக்கு.
சுரீர் எனக்கு.
கடுப்பு பிரதீஷுக்கு,
ஏஜெண்டிடம் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டுக்
காத்திருக்கிறான்.

புதன்கிழமை மரபுத்தொடர்.
'பிரேக் எ லெக்' என்றால் வாழ்த்தாம்.
ஆர்த்தோ வார்டில் ஆறு வருஷம் இருந்தவள் நான்.
வாழ்த்துப் பெற்றவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தே
எனக்க இடுப்பு போச்சு.
பக்கெட்டை உதைத்தால் மரணமாம்.
எங்கள் வார்டில் பக்கெட்டை உதைத்தால்
தண்ணீர் கொட்டும், ஆயா ஏசுவாள்,
அவ்வளவுதான்.

செத்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார் சார்.
எங்களிடமா?
குழித்துறைச் சுவர் முழுக்கச் சிரிப்பவர்கள்
கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர்கள்தானே.

'கோல்ட் ஃபீட்' என்றால்
கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது.
அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.
குளிர்ந்த பாதம் எனக்குத் தெரியும்.
முதலில் பெருவிரல்,
பைய குதிகால்.
பின்வாங்குகிறவர்கள் அந்தக் காலுக்கு உரியவர்கள் அல்ல,
கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள்.

ஏழாம் படுக்கை தபசிமுத்து,
பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு.
ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும்,
நாற்பது வருஷ வெட்டு நேரம்.
வலது கை போர்வைமேல்
சாய்வாக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருக்கும்.

'என்ன செய்யுது? வலிக்கா?'
'வலி இல்ல பிள்ளே.'
'பின்னே?'
'நெஞ்சுக்குள்ள ஒரு வெப்ராளம், கேட்டியா.'

ரெஸ்ட்லெஸ் என்று எழுதினேன். அடித்தேன்.
ஆங்சியஸ். அடித்தேன்.
கேஸ் ஷீட் அசிங்கமாயிற்று.

மறுநாள் சாரிடம் கேட்டேன்.
அவரும் களியக்காவிளைக்காரர்,
அந்தச் சொல் அவர் வீட்டிலும் சோறு தின்றிருக்கும்.
போர்டில் எட்டு வார்த்தை எழுதினார்,
ஒவ்வொன்றாய் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து
எட்டையும் துடைத்தார்.
'இது பரீட்சைக்கு வராது, விட்டிருங்கக்கா.'

அப்புறம் ரோல்பிளே. ஐந்து நிமிஷம்.
நான் நர்ஸ், அவர் நோயாளி.
கையிலிருக்கும் அட்டைப்படி
அவர் கவலையாக இருப்பதாகச் சொல்ல வேண்டும்,
நான் ஆறுதல் சொல்ல வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில்.
ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே என்றேன்.
அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'சிஸ்டர், ஐ ஹேவ் எ வெப்ராளம்.'

வகுப்பு சிரித்தது. பிரதீஷ் டெஸ்க்கைத் தட்டினான்.
நான் சிரிக்கவில்லை, பழக்கதோஷம்,
வாய் தானாகக் கேட்டது:
'சின்ஸ் வென்?'

அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறுமை.
திருவட்டார் பஸ் ஒன்று ஜன்னலை நிறைத்துக்கொண்டு போயிற்று.
பதில் வருவதற்குள் போனில் டைமர் அடித்தது.

அன்று ராத்திரி டூட்டியில் புதுத்தாள் எடுத்தேன்.
ஏழாம் படுக்கை, மூன்று மணி பத்து நிமிஷம்,
நாடி, பிரஷர், மூச்சு,
கம்ப்ளெய்ன்ட்ஸ் ஆஃப் என்று தொடங்கி
வெப்ராளம்.
ஆங்கிலத்தில் எட்டு எழுத்து.
சிவப்புக் கோடு போட அங்கே யாருமில்லை.

காலையில் வந்த டாக்டர் தக்கலைக்காரர்.
படித்தார்.
ஒன்றும் கேட்காமல் கட்டிலின் கடைசிக்கு நடந்துபோய்
போர்வையை விலக்கி
பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.